பழைய யூட் வாங்கும்போது பெட்ரோலா, டீசலா: 7,400 டாலர் செலவழித்த பின் எழுதுவது

மெல்பர்னின் தென்கிழக்குப் புறநகரில் தோட்டப் பராமரிப்பு வேலைக்காக 2017 மாடல் டீசல் டபுள் கேப் யூட் (பின்னால் திறந்த சுமைத்தட்டு உள்ள பிக்கப் வண்டி) ஒன்றை 27,500 டாலருக்கு வாங்கினேன். அப்போது ஓட்டம் 146,000 கிலோமீட்டர். ஒரு வருடத்துக்குள் என்ஜினுக்கு மட்டும் 7,400 டாலர் போனது. கோளாறு பார்த்த கூலி 180, புகைவடிகட்டியைக் கட்டாயமாக எரித்துச் சுத்தம் செய்ய 420, பிறகு அந்த வடிகட்டியையே மாற்ற 3,850, சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டர்களுக்கு 2,600, ஆயிலும் சில்லறைச் சாமான்களும் 350. வண்டி பட்டறையில் கிடந்த நாட்களில் போன வேலை இதில் சேரவில்லை. வாங்குவதற்கு முன் ஒருவராவது "நீ தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறாய்?" என்று கேட்டிருந்தால் இவ்வளவும் மிஞ்சியிருக்கும். புதிதாக வேலை தொடங்கி யூட் தேடுபவர்களுக்கு இது பயன்படட்டும் என்றே விலாவாரியாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய நம்பிக்கையைப் பார்த்துவிடுவோம். ஊரில் டீசல் லிட்டர் விலை குறைவு, மைலேஜ் அதிகம், அதனால் உழைக்கிற வண்டி என்றால் டீசல்தான் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆஸ்திரேலியாவில் சில ஆண்டுகளாகவே டீசல் பெரும்பாலும் 91 என்ற சாதாரண ரகப் பெட்ரோலைவிட விலை கூட. சர்வீஸ் செலவும் கூட. ஒரே ஆண்டு, ஒரே ஓட்டம் என்றாலும் டீசல் யூட்டின் விலை பெட்ரோலைவிட மூவாயிரம், நாலாயிரம் டாலர் ஏறித்தான் நிற்கும். ஆகவே கணக்கை இங்குள்ள விலையில் போட வேண்டும். பெட்ரோல் 1.85, டீசல் 1.95 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.7 லிட்டர் பெட்ரோல் யூட் கருவிகளோடு ஊருக்குள் 100 கிலோமீட்டருக்கு 12.5 லிட்டர் குடிக்கும், அதே அளவு டீசல் 9.5 லிட்டர் குடிக்கும் என்று கொண்டால், வருடம் 10,000 கிலோமீட்டர் ஓடுபவருக்கு டீசலில் மிச்சமாவது சுமார் 460 டாலர். வாங்கும்போது 4,000 டாலர் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அதைத் திரும்ப எடுக்க எட்டு வருடத்துக்கு மேலாகும். வருடம் 25,000 கிலோமீட்டர் ஓடுபவருக்கு மிச்சம் 1,150 டாலர், மூன்றரை வருடத்தில் விலை வித்தியாசம் கழிந்துவிடும். பழுது எதுவும் வராது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. ஒரே ஒரு பெரிய பழுது வந்தாலும் பல வருட மிச்சம் ஒரே நாளில் போய்விடும். தொழிலுக்கு ஓட்டினால் எரிபொருள் வரியைத் திரும்பப் பெறலாமே என்று சிலர் சொல்வார்கள். பொதுச்சாலையில் ஓடும் வண்டிக்கு அந்தச் சலுகை 4.5 டன்னுக்கு மேல் மொத்த எடை அனுமதி உள்ளவற்றுக்குத்தான். யூட்டுக்குக் கிடையாது. பண்ணை நிலத்துக்குள் ஓடும் பகுதிக்கு மட்டும் கேட்கலாம்.

என் வேலையில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீடு மூன்று முதல் ஆறு கிலோமீட்டர். என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் நிறுத்தி, ஒரு மணி நேரம் புல் வெட்டி, மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். நவீன டீசலுக்கு இதைவிடக் கெட்ட பிழைப்பு இல்லை. ஏன் என்று புரிந்தால் எந்த வண்டியைத் தொடக் கூடாது என்பதும் புரியும்.

ஆஸ்திரேலியாவில் யூரோ 5 விதி புதிய மாடல்களுக்கு 2013 நவம்பரிலும், விற்பனைக்கு வரும் எல்லா இலகு வண்டிகளுக்கும் 2016 நவம்பரிலும் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிந்திய டீசல் யூட் என்றால் சைலன்சர் குழாயில் டி.பி.எஃப். என்ற புகைவடிகட்டி இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அது புகையிலுள்ள கரியைப் பிடித்து வைத்து, பிறகு எரித்துச் சாம்பலாக்கும். எரிக்க வடிகட்டிக்குள் ஏறத்தாழ 600 டிகிரி சூடு வேண்டும். அதற்காக என்ஜின் தானாகவே கூடுதல் டீசலைத் தெளிக்கும். சாதாரணமாக 300 முதல் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை இது நடக்கும், ஒவ்வொரு முறையும் பதினைந்து இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். பாதியில் என்ஜினை அணைத்தால் கரி அப்படியே கிடக்கும், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். இப்படிப் பலமுறை பாதியில் நின்றால் வடிகட்டி அடைக்கும், ஆயிலும் நீர்த்துப் போகும். நீர்த்த ஆயில் டர்போவையும் பேரிங்குகளையும் தின்னும்.

எரிப்பு நடக்கிறதா என்பதைக் கவனித்தால் தெரிந்துகொள்ளலாம். ஐடில் வேகம் வழக்கத்தைவிட ஏறி நிற்கும், ரேடியேட்டர் ஃபேன் காரணமில்லாமல் ஓடும், வண்டிக்குக் கீழிருந்து சூடான ஒரு நெடி வரும், உடனடி எரிபொருள் மீட்டர் சட்டென்று ஏறும். இதில் ஏதாவது தெரிந்தால் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாலும் அணைக்காதீர்கள். ஃப்ரீவே பக்கம் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். இந்த அறிகுறிகள் எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்தன. ஃபேன் ஏன் ஓடுகிறது என்று விளக்கம் சொல்லத்தான் ஆள் இல்லை.

சில மாதங்களில் டி.பி.எஃப். விளக்கு எரிந்தது. விளக்கு நிலையாக எரிந்தால் 80 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் இருபது முப்பது நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். அதைப் பார்க்காமல் விட்டால் விளக்கு சிமிட்ட ஆரம்பிக்கும், என்ஜின் விளக்கும் சேர்ந்துகொள்ளும், பிறகு வண்டி தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைத்துவிடும். மோனாஷ் ஃப்ரீவேயில், பின்னால் லாரி வர, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தும் வண்டி ஏறாமல் போனபோது உண்டான பயம் சாதாரணமானது அல்ல. அன்றைய வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக அழைத்து வர முடியாது என்று சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

முதல் பட்டறையில் கணினியை இணைத்துக் கட்டாய எரிப்புச் செய்து அனுப்பினார்கள். சில வாரங்களில் விளக்கு திரும்ப வந்தது. அங்கே செய்யாமல் விட்டவை இரண்டு. கட்டாய எரிப்புக்குப் பின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும், ஏனென்றால் அந்த வேலையே ஆயிலில் டீசலைச் சேர்க்கிறது. அடுத்தது, கரி ஏன் இவ்வளவு சேர்கிறது என்று தேட வேண்டும். வடிகட்டி அடைப்பது பல சமயம் நோயின் அறிகுறி, நோய் வேறிடத்தில் இருக்கும். இரண்டாவது பட்டறை மெக்கானிக் இன்ஜெக்டர்களைச் சோதித்து, ஒன்று அளவுக்கு மேல் டீசல் விடுகிறது, மற்றவையும் தேய்ந்துவிட்டன என்று காட்டினார். வடிகட்டிக்குள் சாம்பலும் நிறைந்திருந்தது. கரி எரியும், சாம்பல் எரியாது. அது ஆயிலிலுள்ள சேர்மங்களிலிருந்து வருவது, கழற்றிக் கழுவ வேண்டும், இல்லையென்றால் மாற்ற வேண்டும். கழற்றிச் சுத்தம் செய்ய பொதுவாக 600 முதல் 900 டாலர் ஆகும். என்னுடையது உள்ளே விரிசல் விட்டிருந்ததால் மாற்ற வேண்டியதாயிற்று. டாங்கில் ஊற்றும் பாட்டில் மருந்துகள் சாம்பலை ஒன்றும் செய்யாது. அதில் காசைப் போடாதீர்கள்.

"அந்த வடிகட்டியைக் குடைந்து எடுத்துவிட்டால் பிரச்சினையே இல்லை" என்று சொல்லும் ஆட்கள் கிடைப்பார்கள். ஆஸ்திரேலியா முழுவதும் அது சட்டவிரோதம். ரோட்வொர்தி என்ற சாலைத் தகுதிச் சான்று கிடைக்காது, விபத்து என்றால் காப்பீட்டில் வம்பு வரும், விற்கும்போதும் மாட்டிக்கொள்ளும். அதைவிட முக்கியம், அந்தக் கரியை நம் பிள்ளைகள்தான் சுவாசிக்கிறார்கள்.

நீண்ட தூரம் ஓட்டினால் போதும், டி.பி.எஃப். தொல்லை வராது என்பதும் முழு உண்மையல்ல. 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற டொயோட்டா ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சூனர் டீசல் வண்டிகள் 264,170 தொடர்பான கூட்டு வழக்கில், அவற்றின் வடிகட்டி அமைப்பு குறையுடையது என்று ஃபெடரல் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அந்தக் குறை வெளிப்பட்டது ஹைவேயில் 100 கிலோமீட்டர் வேக ஓட்டத்தில்தான். மேல்முறையீடு 2024இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான ஹை கோர்ட் வரை போனது. என் வண்டி அந்த நிறுவனத்துடையது அல்ல, ஆனால் அந்த ஆண்டுகளின் ஹைலக்ஸ் டீசலைப் பார்ப்பவர்கள் 2020இல் கொண்டுவந்த திருத்தம் இந்த வண்டிக்குச் செய்யப்பட்டதா என்று வி.ஐ.என். என்ற வண்டி அடையாள எண்ணைக் கொடுத்து டீலரிடம் கேளுங்கள். 2018 நடுப்பகுதியிலிருந்து வந்தவற்றில் எரிப்பை நாமே தொடங்கும் ஒரு பொத்தான் உண்டு. அது இருக்கும் வண்டி மேல்.

பெட்ரோலைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. ஹைலக்ஸ் வொர்க்மேட்டில் வந்த 2.7 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோல் பழைய பாணி என்ஜின். டைமிங் செயின், டர்போ இல்லை, இன்டேக் குழாயிலேயே பெட்ரோல் தெளிக்கும் முறை, சாதாரண 91 போதும். இன்டேக் குழாயிலேயே தெளிப்பதால் வால்வில் பெரிதாகக் கரி படிவதில்லை. புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஓரிரு நிமிடத்தில் சூடாகிவிடும், மூன்று கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அது முகம் சுளிக்காது. குறுகிய ஓட்டம் பெட்ரோல் வண்டியின் ஆயிலுக்கும் நல்லதல்ல, ஈரம் சேரும், ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும். கெட்டுப்போவது என்றால் இக்னிஷன் காயில், ஆக்ஸிஜன் சென்சார், வாட்டர் பம்ப். ஒவ்வொன்றும் சில நூறு டாலரில் முடிகிற வேலை.

ஆனால் அதன் பலவீனத்தை மறைக்கக் கூடாது. 2.7 பெட்ரோலின் இழுவிசை 245 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 4,000 சுற்றில். அதே ஹைலக்ஸின் 2.8 டீசல் ஆட்டோமேட்டிக் 450ஐ 1,600 சுற்றிலேயே கொடுக்கும். ட்ரேயில் 700 கிலோ மண்ணை ஏற்றி டான்டனாங் மலைச்சாலையில் ஏறினால் பெட்ரோல் அலறும், பின்னால் வருபவர்கள் பொறுமை இழப்பார்கள். இரண்டு டன் ட்ரெய்லர் இழுத்தால் 100 கிலோமீட்டருக்கு 18, 20 லிட்டர் குடிக்கும். 80 லிட்டர் டாங்கில் 400 கிலோமீட்டர்தான் வரும். டீசல் ஃபோர்டு ரேஞ்சர், இசுஸு டி-மேக்ஸ் போன்றவை 3,500 கிலோ பிரேக் உள்ள ட்ரெய்லர் இழுக்கும், 2.7 பெட்ரோல் ஹைலக்ஸுக்கு 2,500 கிலோதான் வரம்பு. பாப்கேட் என்ற சிறு மண் அள்ளும் இயந்திரம், பெரிய காரவன், குதிரை ஏற்றும் ட்ரெய்லர் இழுப்பவர்கள் டீசலைத் தவிர வேறு யோசிக்க வேண்டாம். வாரம் இரண்டு மூன்று முறையாவது அரை மணி நேரத்துக்கு மேல் ஃப்ரீவேயில் சுமையோடு ஓடுபவர்களுக்கும் டீசல் பொருத்தம். பள்ளி, கடை, பக்கத்து வீட்டு வேலை என்று ஓடுபவர்களுக்கு பெட்ரோல். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் தங்கள் கடந்த மாத ஓட்டத்தை எழுதிப் பாருங்கள். பத்துக் கிலோமீட்டருக்குக் குறைந்த பயணங்கள் பாதிக்கு மேல் என்றால் டி.பி.எஃப். உள்ள டீசல் வேண்டாம்.

இனி மாடல் மாடலாக. 2005 முதல் 2015 வரையான ஹைலக்ஸ் 3.0 டி-4டி டீசலில் டி.பி.எஃப். தொல்லை இல்லை, ஆனால் இன்ஜெக்டரின் அடியிலுள்ள செம்பு வாஷர் கசியும். எரிந்த வாயு ஆயிலுக்குள் போய்க் கரிப்பிசினாகி, சம்ப் என்ற ஆயில் தொட்டியின் அடியிலுள்ள ஆயில் உறிஞ்சியின் வலையை அடைக்கும். ஆயில் அழுத்தம் போனால் என்ஜினே போய்விடும். இதை வாங்குபவர்கள் வாஷர் எப்போது மாற்றியது என்று ரசீது கேளுங்கள். இல்லையென்றால் வாஷர் மாற்றி சம்ப்பைக் கழற்றி வலையைப் பார்க்கும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ஸ்கேன் கருவியில் இன்ஜெக்டர் திருத்த அளவு சூடான ஐடிலில் கூட்டல் கழித்தல் 3க்குள் இருக்க வேண்டும். டைமிங் பெல்ட் 150,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. அதே தலைமுறையில் 4.0 லிட்டர் வி6 பெட்ரோலும் உண்டு. 175 கிலோவாட், செயின், நல்ல சக்தி. ஊருக்குள் 14, 15 லிட்டர் குடிக்கும், ஆனால் விலை குறைவாகக் கிடைக்கும். குறைந்த ஓட்டம், அவ்வப்போது பாரம் என்பவர்களுக்கு என் கணிப்பில் இதுதான் யாரும் கவனிக்காத நல்ல பேரம்.

இசுஸு டி-மேக்ஸ் 3.0 டீசல் எனக்குத் தெரிந்த மெக்கானிக்குகள் ஒருமித்துப் பாராட்டும் என்ஜின். 2017 மாடலில்தான் அதற்கு டி.பி.எஃப். வந்தது. 2012 முதல் 2016 வரையானவற்றில் இல்லை. டீசல்தான் வேண்டும், ஓட்டமும் குறைவு என்று பிடிவாதமாக இருப்பவர்கள் அதைத் தேடுங்கள். ஃபோர்டு ரேஞ்சர், மாஸ்டா பி.டி.-50 இரண்டிலும் வரும் 3.2 ஐந்து சிலிண்டர் டீசலில் ஒரு விசித்திரம் உண்டு. ஆயில் மாற்றும்போது பத்து நிமிடத்துக்கு மேல் வடியவிட்டால் ஆயில் பம்ப் உறிஞ்சும் சக்தியை இழக்கலாம், ஸ்டார்ட் செய்ததும் என்ஜின் ஆயில் இல்லாமல் ஓடும். ஆகவே வீட்டில் தானே ஆயில் மாற்றியதாகச் சொல்லும் ஆளிடம் இதை வாங்கும்போது ஜாக்கிரதை. என்ஜினுக்குத் திருப்பி விடும் புகையைக் குளிர்விக்கும் ஈ.ஜி.ஆர். கூலரும் அதில் கசியும், கூலண்ட் காரணமில்லாமல் குறைகிறதா என்று பாருங்கள். நிஸான் நவாரா டி40இன் 2.5 டீசலில் டைமிங் செயின் நீளும், ஸ்டார்ட்டில் சங்கிலி உரசும் சத்தம் கேட்டால் விலகுங்கள். அதன் 4.0 வி6 பெட்ரோல் ஆட்டோவில் ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் ஓட்டையாகி கூலண்ட் கியர்பாக்ஸுக்குள் கலக்கும். ரேடியேட்டர் மாற்றியிருக்கிறதா, தனிக் கூலர் போட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். ஹோல்டன் கமடோர் யூட்டிலும் 2008 முதல் 2012 வரையான கொலராடோவிலும் உள்ள 3.6 வி6 பெட்ரோலிலும் டைமிங் செயின் நீளும். பி0008, பி0017 போன்ற பழுதுக் குறியீடு வந்தால் பெரிய வேலை. பெட்ரோல் என்றாலே பத்திரம் என்று நினைக்க முடியாததற்கு இவை சாட்சி.

நான்கு சக்கர இழுவை தேவையில்லை என்பவர்களுக்கு ஃபோர்டு ஃபால்கன் யூட் இன்னும் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2016இல் உற்பத்தி நின்றது. அதன் 4.0 லிட்டர் நேர்வரிசை ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஃப்.ஜி. மாடலில் 195 கிலோவாட், 391 நியூட்டன் மீட்டர். டாக்ஸிகளில் பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய குடும்பம் அது. ஆறு கியர் ஆட்டோ உள்ளவற்றில் கியர் ஆயிலைக் கூலண்டால் குளிர்விக்கும் சிறு பெட்டி கசிந்தால் கியர்பாக்ஸ் வீணாகும், அதை மட்டும் புதிதாக மாற்றிவிடுங்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது வரிசை முக்கியம். விற்பவரிடம் "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். டீசலின் நோய்கள் குளிரில்தான் பேசும். முதலில் டிப்ஸ்டிக். ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நின்று டீசல் வாடை அடித்தால் எரிப்பு பாதியில் நின்றுகொண்டே இருக்கிறது என்று பொருள். பிறகு சைலன்சர் குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். டி.பி.எஃப். ஒழுங்காக இருக்கும் வண்டியில் விரல் ஏறக்குறையச் சுத்தமாக வரும். கறுப்புக் கரி ஒட்டினால் வடிகட்டி விரிசல் விட்டிருக்கும், அல்லது குடைந்து எடுத்திருப்பார்கள். ஒரு பைசா செலவில்லாத இந்தச் சோதனை ஒன்றே என் 3,850 டாலரைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

ஸ்டார்ட் செய்யுங்கள். மூன்று வினாடிக்கு மேல் சுற்றினால் இன்ஜெக்டர் கசிவு அல்லது டீசல் அழுத்தக் குறைவு இருக்கலாம். வெள்ளைப் புகை தொடர்ந்தால் எரியாத டீசல், இனிப்பு வாடையோடு வந்தால் கூலண்ட். நீலம் என்றால் ஆயில். கறுப்பு என்றால் காற்றுக் கசிவு அல்லது அதிக டீசல். என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி அப்படியே வையுங்கள். லேசாக அதிர்வது சாதாரணம், துள்ளிப் பறந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய் இணைப்பில் ஆயில் சொட்டுகிறதா என்று பாருங்கள். கையால் கியர் மாற்றும் வண்டி என்றால் ஐடிலில் கிளட்சை மிதித்தும் விட்டும் கேளுங்கள். விடும்போது கடகடவென்று வந்தால் இரட்டை எடை ஃப்ளைவீல் போகிறது, கிளட்சோடு சேர்த்து 2,000 முதல் 3,500 டாலர்.

நாற்பது ஐம்பது டாலருக்கு, வண்டியின் கணினியைப் படிக்கும் ஓ.பி.டி. புளூடூத் கருவி கிடைக்கும், போனில் ஒரு செயலி போட்டால் போதும். டீசலில் பார்க்க வேண்டியவை கடைசி எரிப்புக்குப் பின் ஓடிய தூரம், கரி அளவு, வடிகட்டியின் முன்பின் அழுத்த வித்தியாசம். எரிப்பு 100 கிலோமீட்டருக்கு ஒருமுறை நடந்துகொண்டிருந்தால் சாம்பல் நிறைந்துவிட்டது. சூடான ஐடிலில் அழுத்த வித்தியாசம் ஒன்றிரண்டு கிலோபாஸ்கலுக்குள் இருக்க வேண்டும். பழுதுக் குறியீடுகளை நீங்கள் பார்ப்பதற்குச் சற்று முன் யாராவது அழித்திருந்தால் "அழித்தபின் ஓடிய தூரம்" மிகக் குறைவாகக் காட்டும். அதைக் கண்டால் விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். பெட்ரோலில் சிலிண்டர்வாரியாக மிஸ்ஃபயர் எண்ணிக்கையும், எரிபொருள் திருத்தம் கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதும் போதும்.

காகிதங்களில் மூன்று விஷயம். பி.பி.எஸ்.ஆர். என்ற அரசுப் பதிவேட்டில் தேடல் 2 டாலர்தான், 17 எழுத்து வி.ஐ.என். எண்ணைப் போட்டால் கடன், திருட்டு, ரைட்-ஆஃப் (சேதத்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிட்டது) எல்லாம் தெரியும். அரசுத் தளத்திலேயே செய்யுங்கள், இடைத்தரகுத் தளங்கள் பல மடங்கு வாங்குகின்றன. விக்டோரியாவின் ரோட்வொர்தி சான்றிதழ் பிரேக், டயர், விளக்கு, ஸ்டீயரிங் பத்திரமாக இருக்கிறதா என்றுதான் சொல்லும். என்ஜின் நலமா என்று அது சொல்வதில்லை. என் வண்டிக்கும் குறையில்லாத ரோட்வொர்தி இருந்தது. சர்வீஸ் ரசீதுகளில் ஆயிலின் வகையைப் பாருங்கள். டி.பி.எஃப். உள்ள டீசலுக்குச் சி3, டி.எல்.-1 போன்ற சாம்பல் குறைந்த ரக ஆயில்தான் ஊற்றியிருக்க வேண்டும். முன்பு யார், எதற்கு ஓட்டினார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 200,000 கிலோமீட்டர் ஹைவேயில் ஓடிய டீசல், 90,000 கிலோமீட்டர் கூரியர் வேலை பார்த்ததைவிட நல்ல நிலையில் இருக்கும். விலை பேசும் முன் தனி மெக்கானிக்கிடம் 250 முதல் 400 டாலர் கொடுத்து முழுச் சோதனை செய்யுங்கள், அதுவும் டீசலில் இன்ஜெக்டர் சோதனையும் சேர்த்துக் கேளுங்கள். டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் சட்டம் தரமான பொருளுக்கு உத்தரவாதம் தருகிறது. தனியாரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. நான் தனியாரிடம் வாங்கியிருந்ததால் முழுச் செலவும் என் தலையில் விழுந்தது.

வாங்கிய பின் டீசல் வைத்திருப்பவர்கள் மறக்கக் கூடாதது டீசல் ஃபில்டரும் அதன் அடியிலுள்ள தண்ணீர்ப் பிரிப்பானும். இன்ஜெக்டர்களுக்கெல்லாம் ஒரே குழாயிலிருந்து டீசல் கொடுக்கும் காமன் ரெயில் அமைப்பு 1,600 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வேலை செய்கிறது, அங்கே சிறிது தண்ணீர் போனாலும் பம்ப் தேய்ந்து உலோகத் துகள் இன்ஜெக்டர்கள் வரை பரவும். முழு அமைப்பையும் மாற்ற 8,000 டாலருக்கு மேல் போகும். தண்ணீர் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திப் பிரிப்பானைத் திறந்து வடித்துவிடுங்கள். ஃபில்டரை 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள், புத்தகத்தில் 40,000 என்று இருந்தாலும். தவறிப் பெட்ரோல் ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே வேண்டாம், இக்னிஷன் போட்டாலே சில வண்டிகளில் டாங்க் பம்ப் ஓடத் தொடங்கும். டாங்கை வடிக்க 500, 600 டாலர் ஆகும், ஸ்டார்ட் செய்தால் கணக்கே வேறு.

பழுது பார்த்த டீசலை எல்லா ரசீதுகளோடும் 24,000 டாலருக்கு விற்றேன். வாங்கியவர் பாலரட் பக்கம் தினமும் ஹைவேயில் போய் வருபவர், அவருக்கு அது பொருந்தும் என்று நம்பித்தான் கொடுத்தேன். இப்போது ஓட்டுவது 2.7 பெட்ரோல் சிங்கிள் கேப். வாரத்துக்கு 20, 25 டாலர் எரிபொருளுக்குக் கூடப் போகிறது. பச்சைக் கழிவை ஏற்றி மேட்டில் ஏறும்போது இரண்டாவது கியருக்கு இறக்க வேண்டியிருக்கிறது. காலையில் விளக்கு எரியுமோ என்று டாஷ்போர்டைப் பார்த்துப் பயப்பட வேண்டியது இல்லை. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில், ஃபில்டர், இரண்டு மணி நேர வேலை, அதோடு சரி.